கம்பத்துக்கு நீர் ஊற்றிய பாவாயி அம்மையார்

காரைப்பாளையம் நகராட்சியில் கொசுப்புழு ஒழிக்கும் தினக்கூலி வேலை பார்த்தவர் பாவாயி அம்மையார். வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, புழு இருந்தால் மருந்து ஊற்றுவார். ஒவ்வொரு மூடியைத் திறக்கும் முன்னும், "தாயே மாரி" என்பார். மழைதான் மாரி, மழை வந்து தங்கும் தொட்டியும் குடமும் அவள் கோயில், கோயிலில் புழு நெளியலாமா? அம்மையாரின் பக்தி அவ்வளவுதான். வேறு பூசை எதுவும் அவருக்குத் தெரியாது.

ஊர் அவரை மதித்ததில்லை. "கொசுக்காரி வர்றா, கதவச் சாத்துடி" என்பார்கள். திறந்தவர்களோ, "எங்கூட்ல கொசுவே இல்ல, சாக்கடைல போயி ஊத்து" என்பார்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று சொல்லிச் சொல்லியே அம்மையாருக்குத் தொண்டை வறண்டது.

அந்த ஆண்டு மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழா தொடங்கி, கோயில் வாசலில் முக்கிளை மரக் கம்பம் நட்டார்கள். பெண்கள் தினமும் அதற்கு நீர் ஊற்றுவார்கள். அதற்கென்று பெரிய அண்டாக்களில் நீர் நிரப்பி, வேப்பிலை போட்டு வைத்திருந்தார்கள். விழா முடிந்து கம்பம் பிடுங்கும் வரை அண்டா வற்றக் கூடாது என்பது அவ்வூர் வழக்கம். அதனால் குறையக் குறைய மேலே நிரப்பினார்களே தவிர, ஒருநாளும் கவிழ்த்துக் கழுவவில்லை.

கோயில் தெருப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய்க் காய்ச்சலில் விழுந்தன. பூக்கட்டும் சரசாளின் மகள் டெங்கு என்று பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மையார் அண்டாவை எட்டிப் பார்த்தார். உள்ளே கொத்துக் கொத்தாய்ப் புழு.

அவர் மருந்தை எடுத்ததும் கோயில் தர்மகர்த்தா அர்த்தனாரி சீறினார். "தீர்த்தத்துல மருந்து ஊத்துவியா? வேப்பெல கெடக்குதே, ஒண்ணும் ஆவாது, போ."

"அந்த வேப்பெலைக்கடியிலதானுங்க குடியிருக்குது."

"வாய் நீளுது பாரு கொசுக்காரிக்கு!"

அம்மையார் சுகாதார ஆய்வாளரிடம் ஓடினார். "சாமி விசயத்துல என்னைய ஏம்மா இழுக்கறே? சாயங்காலம் பொகையடிச்சுரலாம். சனங்களும் பாத்துச் சந்தோசப்படுவாங்க" என்றார் அவர். புகை வண்டி வந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டு அதன் பின்னால் ஓடினார்கள். புழுக்கள் அண்டாவில் சுகமாய் இருந்தன.

அம்மையார் சன்னதியில் நின்று அழுதார். "உன் வாசல்ல பொறந்ததுதான் புள்ளைகளக் கடிக்குது. உனக்குக் கண்ணில்லியா தாயே?" கோபித்தாரே தவிர, கும்பிட்ட கையை இறக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. மருந்து ஊற்றத்தானே தடை? கம்பத்துக்கு நீர் ஊற்ற யார் தடுக்க முடியும்?

உச்சி வெயிலில் குடத்தை எடுத்தார். அண்டாவில் மொண்டு கம்பத்துக்கு ஊற்றினார். மறுபடியும் மொண்டார். பார்த்தவர்கள், "கொசுக்காரிக்குப் பக்தி முத்திப்போச்சு" என்று சிரித்தார்கள். வெயிலில் கொதித்த வாசலில் நீர் ஓடிப் பரந்து காய்ந்தது, புழுக்களும் காய்ந்தன. கடைசி அண்டாவின் அடி தெரிந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"அண்டா வத்திருச்சு! ஊருக்கே கேடு!" என்று அர்த்தனாரி கத்தினார். இனி அம்மையார் கம்பத்தை நெருங்கக் கூடாது என்று ஊர்க்கூட்டம் தீர்த்தது. புகார் போனதும் நகராட்சி வேலையும் அன்றே போயிற்று. அம்மையார் கோயில் வாசலுக்கு வெளியே, வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பெண்கள் குடங்களோடு வந்தபோது அர்த்தனாரியின் மனைவி வெள்ளையம்மாள் மேல் அருள் வந்தது. அதுவரை அவர் சாமி ஆடியதே இல்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு, யாரையும் நீர் ஊற்ற விடவில்லை.

"எங்கடா எம் மக? புழு மண்டுன தண்ணிய எந்தலைல ஊத்துனீங்க. அவ அத ஊத்தித் தீத்தப்பறந்தான்டா குளுந்துச்சு. கூப்புடுங்கடா அவள!"

கூட்டம் விலகியது. அம்மையார் எழுந்து கம்பத்தருகே வந்து நின்றார்.

"என்ன வேணும், கேளு."

போன வேலையைக் கேட்பார், பட்ட அவமானத்துக்கு நியாயம் கேட்பார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கெழமக்கி வெள்ளிக்கெழம அண்டாவக் கவுத்துக் கழுவச் சொல்லு தாயே. நாஞ் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டீங்கறாங்க."

"கவுத்துங்கடா!" என்றாள் அம்மன். அர்த்தனாரியே குனிந்து, முந்திய இரவு நிரப்பிய முதல் அண்டாவைக் கவிழ்த்தார்.

நகராட்சி இன்றும் புகைதான் அடித்துக்கொண்டிருக்கிறது. தேங்கிய நீரிலும் தாயைக் கண்டு, அவள் வரம் கேள் என்றபோதும் ஊர்ப் பிள்ளைகளுக்கே கேட்ட பாவாயி அம்மையாரை நெஞ்சில் வைத்து வணங்குவோம்.