பொறுமை பற்றி ஒரு சொற்பொழிவு

"அம்மா, பொறுமை எப்படி வரும்?" என்று கேட்டார் உலகம்மாள்.

"யாருக்கு?" என்றார் மடத்தம்மா.

"எனக்கில்ல. எங்க டீச்சருக்கு."

உலகம்மாள் ஒரு மழலையர் பள்ளியின் தலைமையாசிரியை. மடத்தம்மாவைவிட வயதில் மூத்தவர்தான். ஆனாலும் வாரம் தவறாமல் அவருடைய மடத்துக்கு வந்து உபதேசம் கேட்பார். கேட்டதையெல்லாம் மறுநாளே ஆசிரியைகளுக்குச் சொல்லிவிடுவார். தனக்கென்று எதையும் மிச்சம் வைத்துக்கொள்வதில்லை.

"யார் அந்த டீச்சர்?"

"ஜெபக்கனி. தங்கமான பிள்ளை. பிள்ளையளுக்கு மூக்கு ஒழுகினா தன் முந்தானையாலதான் துடைப்பா. அவ நேத்து ஒரு பையனத் தோளப் பிடிச்சு உலுக்கிட்டா. அவன் பயந்துபோய்ப் பார்த்தானே தவிர அழல. இவதான் அழுதா. 'இனி என்னை நம்பிப் பிள்ளையள விடாதீங்க'ன்னு ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா. அவ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லணும்."

மடத்தம்மா மறுநாளே வந்தார்.

உலகம்மாள் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார். ஹாலில் மைக், சால்வை, 'மன அமைதிக்கு வழி' என்று ஒரு பேனர். மடத்தம்மா எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக ஜெபக்கனியின் வகுப்புக்குப் போய் மூலையில் கிடந்த பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

ஒரு பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுதது. ஒன்று க்ரேயானைத் தின்றது. ஒன்று நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டது. ஜெபக்கனி அழுத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நனைந்த பிள்ளைக்கு உடை மாற்றினாள். சிரித்த முகம் மாறவில்லை. உதடு மட்டும் காய்ந்து வெடித்திருந்தது.

இடைவேளை மணி அடித்தது. தண்ணீர் பாட்டில் மூடி திறக்க வராத பிள்ளைகளுக்கெல்லாம் அவளே திறந்துவிட்டாள்.

மடத்தம்மா தனக்கு வந்த மோரை அவளிடம் நீட்டினார்.

"குடிம்மா."

"வேண்டாம்மா."

"விரதமா?"

ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடிச்சா பாத்ரூம் போகணும்லா. அந்நேரம் பிள்ளையள ஆரு பாக்க? சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன்."

"என்னைக்கிருந்து இப்படி?"

"ஆயாவ ஆபீஸ் வேலைக்கு மாத்துனதுல இருந்து." அவள் குரல் இறங்கியது. "முந்தாநேத்து அடிவயித்துல அப்படி ஒரு வலி. அந்த நேரம் பார்த்து அந்தப் பையன் என் காலக் கட்டிக்கிட்டு விடமாட்டேன்னான்."

வாசலில் நின்றிருந்த உலகம்மாளுக்கு முகம் செத்துப்போனது. ஆயாவை மாற்றியது அவர்தான். அந்த ஆயா இப்போதும் ஹாலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார், சொற்பொழிவுக்காக. இந்தப் பெண்ணிடம் எத்தனை முறை பொறுமையைப் பற்றிப் பேசியிருக்கிறோம், ஒரு தரம்கூட இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று உலகம்மாளுக்கு நெஞ்சு அறுத்தது.

"அம்மா, இப்ப நான் என்ன செய்யட்டும்?"

மடத்தம்மா பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

உலகம்மாள் பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், அழுதுகொண்டிருந்த பிள்ளை மடியில் ஏறிக்கொண்டது.

"நீ போயிட்டு வா ஜெபக்கனி. மெதுவா வா."

ஜெபக்கனி நகரவில்லை.

"இன்னைக்கு மட்டுமா, பெரிய டீச்சர்?"

உலகம்மாள் பதிலுக்காகப் பக்கத்தில் திரும்பினார். மடத்தம்மா அதற்குள் எழுந்து வாசலைத் தாண்டியிருந்தார்.

"தினமும்" என்றார் உலகம்மாள். "ஆயா இனி உன்கூடத்தான். அவ வராத அன்னைக்கு நான் வருதேன்."

ஜெபக்கனி மோரை எடுத்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.