குளத்தில் உருண்ட கருங்கல்

மலைக்காட்டுக் குளம் ஒன்றில் கெண்டைமீன்கள் வாழ்ந்தன. குளத்தின் பாறையடியில் கரிய காந்தக்கல் ஒன்று கிடந்தது. வெயில் காலத்தில் விருட் விருட்டென்று ஓடித் திரியும். யார் யாரை இடித்தார்கள் என்று கேட்கக்கூட நேரமிருக்காது. பனிக்காலம் வந்தாலோ குளிரில் விறைத்து, நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது பக்கத்து மீன் லேசாக வாலை ஆட்டினாலும் உறைக்கும்.

அந்தப் பனிக்காலத்தில் மினுக்கி என்ற கெண்டைக்கு யாரையுமே பிடிக்கவில்லை. கூடப் பிறந்த தங்கை துடுக்கியைக் கண்டாலே எரிச்சல்!

"என்னடி முறைக்கிறே?"

"நீதான் முறைக்கிறே அக்கா! தள்ளிப் போ!"

"நீ போடி!"

துடுக்கி கோபித்துக்கொண்டு கரையோரம் போய்விட்டாள். மற்ற மீன்களும் மூலைக்கு ஒன்றாகப் பிரிந்து கிடந்தன. தனியாகக் கிடந்த இரண்டு மீன்களை அன்று மாலையே காணோம். 'யாரோ என்னைப் பற்றித் தங்கையிடம் வத்தி வைத்திருக்கிறார்கள்' என்று மினுக்கி பொருமினாள்.

விடிந்தது. "அக்கா! என் செல்ல அக்கா!" என்று துடுக்கி ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள். அடுத்த நொடி எல்லா மீன்களும் வந்து ஒரே பந்தாகத் திரண்டன.

'நேற்றுக் கடித்தவள் இன்று கொஞ்சுகிறாளே! என்ன காரியம் ஆகணுமோ?' என்று நினைத்தாள் மினுக்கி. ஆனால் அவள் மனசும் உருகி வழிந்தது. 'சரி, அவளுக்குக் காரியம் ஆகணும். எனக்கு என்ன வந்தது? எனக்கும் ஏன் இப்படிப் பாசம் பொங்குது?'

சுற்றுமுற்றும் பார்த்தாள். நேற்றுவரை பாறையடியில் கிடந்த அந்தக் காந்தக்கல் குளத்தின் நடுவில் இருந்தது. சேற்றில் அது உருண்டு வந்த தடம்! கல்லின் மேல் கையை வைத்தபடி நீர்நாய்!

"என்ன மாமா, கல்லை உருட்டுறீங்க?"

"நீங்க ஒற்றுமையா இருக்கணும்னுதான் கண்ணு!"

அட பாவி! கல் அங்கே இருந்தால் சண்டை, இங்கே வந்தால் பாசம். தனியாகக் கிடந்த இரண்டு பேரைத் தின்றதும் இவன்தான்! மினுக்கி கத்தினாள்.

"எல்லாரும் ஓடுங்க! இவன் நம்மை மொத்தமாத் தின்னப் போறான்!"

"உன்னை விட்டுட்டா? மாட்டோம்!" என்று மீன்கள் இன்னும் இறுக்கின.

நீர்நாய் கல்லை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு வந்தது.

"துடுக்கி! என் மேல் பாசம் இருந்தா எல்லாரும் சேர்ந்து அந்தக் கல்லை இடிங்கடி!"

பந்தாகத் திரண்ட மீன்கள் மொத்தமாக மோதின. கல் உருண்டு பழைய இடத்தைத் தொட்டது. அவ்வளவுதான்! "ச்சீ, தள்ளிப் போ!" என்று மீன்கள் திசைக்கு ஒன்றாகத் தெறித்தன. நீர்நாய் கவ்வியது வெறும் தண்ணீரை! கல் அங்கேயும் நிற்காமல் பள்ளத்துச் சேற்றில் விழுந்து புதைந்தது.

நீர்நாய் போனபின் துடுக்கி மெல்ல வந்தாள். "அக்கா, இப்போ உன் மேல் கோபமும் வரலை, பாசமும் பொங்கலை."

"அப்பாடா! இனிமே சண்டை போட்டாலும் அது நம்ம சண்டைடி!" என்றாள் மினுக்கி.

காரணமே இல்லாமல் ஒருவர் மேல் வெறுப்போ பாசமோ பொங்கினால், அவரைச் சந்தேகிக்கும் முன் கல்லை உருட்டுவது யார் என்று பார்க்க வேண்டும்.