அரண்மனைச் சோறும் ஓலைக் காப்பும்

முன்னொரு காலத்தில், ராஜாவின் கண்ணில் புகை பட்டால்கூட ஒரு சட்டம் பிறந்துவிடுகிற காலத்தில், இளகிய மனசுள்ள ஒரு ராஜா ஒரு நாட்டை ஆண்டுவந்தார். ஒருநாள் நகர்வலம் போனவர், குடிசைகள் நெருங்கிக் கிடக்கும் கீழத்தெருவில் ஒருத்தி பானையைச் சுரண்டிக் கழுவிய தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு ராஜாவுக்குச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. மறுநாளே உத்தரவு போட்டார். கீழத்தெருவில் பெரிய சாப்பாட்டுக் கூடம் எழுந்தது. மணி அடித்தால் சோறு.

நல்ல காரியம்தான். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்த வருஷம் கீழத்தெருவில் ஒரு பிள்ளைகூடப் பசியால் சாகவில்லை.

அதற்குள் மூக்கை நுழைத்தவர் மார்த்தாண்டப் பிரதானி. தலைமை மந்திரி. "வசதியுள்ளவனும் வந்து தின்றுவிட்டால்?" என்றார். அதனால் சாப்பிட வருகிறவர்கள் மணிக்கட்டில் பனையோலைக் காப்பு கட்ட வேண்டும் என்று ஆனது. "இங்கேயும் தின்றுவிட்டு வீட்டிலும் பொங்கினால்?" என்றார். அதனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று ஆனது. மீறினால் ஊரைவிட்டே வெளியேற்றம். எந்தக் கூரையில் புகை வருகிறது என்று பார்த்துக்கொண்டு திரிவதற்கே சேவகர்கள் சம்பளம் வாங்கினார்கள்.

இதையெல்லாம் செப்பேட்டில் வெட்டும்போது ஒரு வேடிக்கை நடந்தது. 'ஏழைகள்' என்று வெட்டப் போனவன் கையைப் பிரதானி தடுத்தார். "நம் மகாராஜா ஆளும் நாட்டில் ஏழை என்று ஒருவன் இருந்தான் என்று நாளைக்கு யாராவது படிக்கலாமா?" என்றார். ஆகவே, 'அரண்மனைச் சோறு உண்பவர் எவராயினும்' என்று வெட்டினார்கள். அந்த நாகரிகம் ராஜாவுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது.

அந்தச் சபையில் விகடகவி ஒருவர் இருந்தார். ராஜா கொடுத்த பட்டம் ஹாஸ்ய சிகாமணி. பெற்றவர்கள் வைத்த பெயர் காத்தமுத்து. பிறந்தது இதே கீழத்தெரு. அது சபையில் ஒருவருக்கும் தெரியாது, தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டார். அவருடைய அக்கா பேச்சாயி இன்னும் அங்கேதான் இருந்தாள். ஊராருக்கு நெல் குத்திக் கொடுத்துப் பிழைத்தவள், தோள் வலி கண்டபிறகு கையில் ஓலைக் காப்போடு கூடத்தில் சாப்பிட்டாள்.

தம்பிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அவள் ஒருமுறை அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டாள். "யார் அது?" என்று பிரதானி கேட்க, "எப்போதோ நான் உதவி செய்த ஒரு பெண்பிள்ளை" என்று சிகாமணி சொல்லிவிட்டார். அக்கா காதில் அது விழுந்தது. வந்த வழியே திரும்பிப் போனாள். உலகத்தையே சிரிக்கவைக்கிற வாய் அன்றைக்குச் சொன்னது அதைத்தான்.

இனி வாசலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் மறுநாள் பொழுது சாய அவள் குடிசைக்குப் போனார். சொல்லவும் சொன்னார்.

"சரி, வரல" என்றாள் பேச்சாயி. "இரு. காய்ச்சல்ல கெடந்த ஒடம்பு. வந்தவன் வாய் நனைக்காமப் போகக் கூடாது."

"அக்கா, அடுப்பு மூட்டினா ஆபத்து. நான் அரண்மனையில சாப்பிட்டுக்குவேன்."

"அரண்மனையில சாப்பிடுவ. நான் போட்டுச் சாப்பிட்டு எத்தனை காலமாச்சு?"

ஒளித்து வைத்திருந்த கேழ்வரகு மாவைக் கிளறிக் களியாக்கி, கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் சேவகர்கள் வந்தார்கள். அடுப்பில் சூடு இருந்தது.

காலையில் சபை. நடுவில் பேச்சாயி. பிரதானி கனைத்துக்கொண்டார்.

"மகாராஜா, இவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். யாருக்கோ சமைத்துப் போட்டிருக்கிறாள். யாருக்கு என்று மட்டும் சொல்ல மறுக்கிறாள். செப்பேட்டின்படி இவளை வெளியேற்ற வேண்டும். அந்தத் தீர்ப்பை நம் ஹாஸ்ய சிகாமணி வாயால் கேட்டால் சபைக்கும் இனிமையாக இருக்கும்."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். வாசலுக்கு வந்த பெண்ணை அவர் மறந்திருக்கவில்லை. தீர்ப்புச் சொன்னால் அக்கா போவாள், மறுத்தால் குட்டு வெளிப்படும். சிகாமணிக்குக் காது மடல்வரை சுட்டது. 'இவள் என் அக்கா, தின்றது நான்' என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது பழகிப்போன குறும்புதான்.

"செப்பேட்டை எழுத்துப் பிசகாமல் நடத்துகிறேன், மகாராஜா. ஒருத்தியிடம் மட்டும் நடத்தினால் செப்பேட்டுக்கு அவமரியாதை. காப்புகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

கூடை நிறைய ஓலைக் காப்பு வந்தது. ஒன்றை எடுத்துப் பிரதானியின் தங்கக் கடகத்துக்குப் பக்கத்தில் கட்டினார். பிரதானி கையை உதறினார். "இது என்ன விளையாட்டு?"

"அரண்மனைச் சோறு உண்பவர் எவராயினும் என்று தாங்கள்தானே வெட்டச் சொன்னீர்கள்? தாங்கள் உண்பது அரண்மனை அளக்கும் படியரிசி. சேனாதிபதியும் அப்படி. நானும் அப்படி. மகாராஜா தம் கையால் உழுது உண்பதாக நான் கேள்விப்பட்டதில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "நன்று. இன்று ஒரு பொழுது அப்படியே நடக்கட்டும்" என்று தாமே கையை நீட்டினார். அரண்மனை முதல் பிரதானி மாளிகை வரை எல்லா அடுப்பிலும் தண்ணீர் ஊற்றினார்கள்.

மணி அடித்தது. சபையே, பேச்சாயியையும் கூட்டிக்கொண்டு, கீழத்தெருவில் வரிசையில் நின்றது. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. சோறு போடுகிறவன் குனிந்த தலை நிமிராமல், பழக்கத்தில், "காப்பைக் காட்டு. ம், நகரு நகரு" என்றான். முன்னால் நின்ற ராஜாவுக்கும் அதேதான். நிமிர்ந்து பார்த்ததும் அவன் கையிலிருந்து கரண்டி விழுந்தது. ராஜாவின் முகம் சிவந்துபோனது.

அப்போதுதான் பிரதானியின் புதுச் சம்பந்தி வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு அங்கே தேடி வந்தார்கள். பெண் கொடுத்தபின் முதல் தடவை வருகிறார்கள். மாளிகையில் அடுப்பெரியவில்லை. கூடத்தில் காப்பு இல்லாதவர்களுக்குச் சோறு இல்லை. தட்டோடு நின்ற பிரதானியைச் சம்பந்தி ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க வந்த நேரம் சரியில்ல போலிருக்கு. பொறப்படறோம்" என்றார்.

பிரதானி ஓடிவந்து ராஜாவின் முன்னால் நின்றார். "மகாராஜா, ஒரே ஒரு அடுப்பு மூட்ட அனுமதி வேண்டும். வீடு தேடி வந்தவர்களுக்கு என் வீட்டில் ஒரு பிடி சோறு போடாமல் அனுப்பினால், நான் எப்படி வெளியில் தலைகாட்டுவேன்?"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ராஜா அவரைப் பார்க்கவில்லை. பேச்சாயியைப் பார்த்தார்.

"அம்மா, உன் வீடு தேடி வந்தது யார்?"

"வந்தவன் பேரை வெளிய சொன்னா, போட்ட சோத்துக்கு மருவாதி இல்லீங்க, சாமி."

காப்பாற்றிவிட்டோம் என்று அந்த நேரத்தில் சிகாமணி நிம்மதி அடைந்திருக்கலாம். பெயரும் வெளிவராது, பட்டமும் நிலைக்கும். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டபின் அவரால் நிற்க முடியவில்லை. வரிசையிலிருந்து விலகி அக்காவின் பக்கத்தில் போய் நின்றார்.

"மகாராஜா, தின்றவன் நான். இவள் என் கூடப்பிறந்தவள். இந்தத் தெருவில் பிறந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். இவளை வாசலில் வைத்து யாரோ என்றேன். இப்போது அந்த வெட்கத்தை நினைத்துத்தான் வெட்கப்படுகிறேன்."

பேச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும் காத்தா, சோறு ஆறிப்போவுது" என்றாள்.

ராஜா சிரித்தார். சபையே எதிர்பார்த்த பெரிய சிரிப்புதான், என்றாலும் கண்ணில் நீர் நின்றது. காப்புகளைக் கழற்றிப் போடச் சொன்னார். வேண்டியவர்கள் கூடத்தில் சாப்பிடலாம், வேண்டியபோது வீட்டில் பொங்கலாம், புகையை எவனும் எட்டிப்பார்க்கக் கூடாது என்று சொல்லி, செப்பேட்டை உருக்கக் கொடுத்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சிகாமணியின் கழுத்தில் போட்டார். பிறகு பேச்சாயியிடம் திரும்பினார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா. எதுவானாலும் தருகிறேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"குடுத்துக்கிட்டேதான் இருக்கீங்க, சாமி. நல்லா இருங்க. ஒரு நாளைக்கு எங்க வீட்டுல வந்து சாப்பிடுங்க."

கொடுத்தே பழகிய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று ராஜாவுக்குத் தெரியவில்லை.

"வருகிறேன்" என்றார் கடைசியில், சின்னக் குரலில். "வரும்போது என்ன கொண்டுவரட்டும்?"

"ஒண்ணும் வேணாம் சாமி. பசியோட வாங்க."