பதினாயிரத்து நானூற்று மூவர்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள், கதிரவன் மறைய ஆறு நாழிகை இருந்தபோது நடந்தது இது. கவனமாகக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் கோளரி என்றொரு வேந்தன், அண்டை நாட்டை வென்று பதினாயிரத்து நானூற்று நால்வரைச் சிறைப்பிடித்தான். வரிசைக்கு நூற்றிரண்டு பேர், மொத்தம் நூற்றிரண்டு வரிசை என்று சதுரமாக அவர்களை ஓட்டி வந்தான். வழியில் நீரின்றி ஒருவன் இறந்தான். அவன் பெயர் மாடன். அவனருகே நடந்துவந்த, செங்கல் அறுக்கும் பெண்ணான ஆவுடையின் தமையன். கடைசி வரிசையில் அவன் இடம் காலியாயிற்று.

எஞ்சியவர்களைத் திடலில் நிறுத்தி வேந்தன் சொன்னான்:

"பொழுது சாயுமுன் சமமான வரிசைகளில் நில்லுங்கள். ஒற்றை வரிசை கூடாது. வரிசைக்கு ஒருவர் என்பதும் கூடாது. எவரும் மிஞ்சாவிட்டால் வீடு திரும்பலாம். ஒருவர் மிஞ்சினாலும் அனைவரும் சாகும்வரை கல்லுடைக்க வேண்டும். என் குலதெய்வத்தின்மேல் ஆணை."

கருணைபோல் ஒலித்தது, கருணையன்று. அரண்மனைக் கணியர் சடையனார் முன்பே அவன் காதில் ஓதியிருந்தார்: "இந்த எண் எதனாலும் வகுபடாது, அரசே. என் பொன் தோள்வளையே பந்தயம்."

இருவர் இருவராக நின்றார்கள், ஒருவர் மிஞ்சினார். மூவர் மூவராக நின்றார்கள், இருவர் மிஞ்சினர். எழுவர் எழுவராக நின்றார்கள். மீண்டும் ஒருவர் மிஞ்சினார். நிழல்கள் நீண்டன.

"போதும் தாயே, இனி என் கால் தாங்காது," என்று ஒரு கிழவர் ஆவுடையின் காலடியில் அமர்ந்துவிட்டார்.

ஆவுடைக்குக் கை பழகிய வேலை நினைவுக்கு வந்தது. சதுரமாகக் காயவைத்த சுடாத பச்சைச் செங்கல்லில் ஒன்று உடைந்தால், சூளையில் என்ன செய்வோம்?

"எழுந்திரும் பெரியவரே! வந்தபடியே நில்லுங்கள் எல்லாரும்!"

காவலன் சிரித்தான். "ஏ சூளைக்காரி, காலியிடத்தில் பேயையா நிறுத்தப்போகிறாய்?"

அவள் தன் வரிசையை எண்ணினாள். கடைசி வரிசையில் அவளோடு சேர்த்து நூற்றொருவர். அவர்களுக்கு முன்னே நூற்றொரு வரிசை. "கடைசி வரிசையைக் கலையுங்கள். முன்வரிசை ஒவ்வொன்றின் வாலிலும் ஒருவர் சேருங்கள்," என்றாள்.

ஒருவர் போனார். பத்துப்பேர் போனார்கள். நூறுபேர் போனார்கள். செங்கதிர் பாதி மறைந்தது. எஞ்சியது ஒரு வரிசை, எஞ்சியவள் ஆவுடை. அவள் ஓடிப்போய் அதன் வாலில் நின்றாள்.

நூற்றொரு வரிசை. வரிசைக்கு நூற்றுமூவர். மிஞ்சியவர் எவருமில்லை.

வேந்தன் கணியர் பக்கம் திரும்பினான். "நூற்றொன்றால் வகுத்தீரா?"

"தொண்ணூற்றேழு வரை வகுத்தேன், அரசே. அதுவே போதுமென்று... நிறுத்திவிட்டேன்."

முழுவதும் தேடாதவன் வழியில்லை என்று தீர்ப்புச் சொல்லலாகாது.

சடையனாரின் தோள்வளை மறுநாள் காலையே விற்கப்பட்டு, பதினாயிரத்து நானூற்று மூவருக்கும் வழிச்சோறாயிற்று. மாடனின் உயிருக்கு ஈடாக வேந்தன் தை பிறக்குமுன் ஐம்பது கலம் நெல் அனுப்பினான். ஆவுடை அதை வண்டியிலிருந்து இறக்கவிடாமல் திருப்பி அனுப்பினாள்.