நாலாயிரத்து இருநூறாவது சுற்று

“குறைஞ்ச விலைக்கு நல்ல மெஷின் எது டீச்சர்?” என்று கேட்டாள் சலேத்மேரி.

குரு ரோஸ்லின் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். எலெக்ட்ரிக் கிடாரில் தந்திகளுக்கு அடியில் இருந்து சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்புக்குக் காயில் சுற்றத் தெரிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று.

சலேத்மேரி இருபது வருஷமாக ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டியவள். இதைக் கற்றுக்கொள்ள வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

“எதையெல்லாம் பார்த்தீங்க?”

“மூணு பார்த்தேன். ஒண்ணு கையால சுத்துறது, இப்ப எங்கிட்ட இருக்கிற மாதிரிதான், கொஞ்சம் புதுசு. ஒண்ணு காலால மிதிக்கிறது, ரெண்டு கையும் கம்பியைப் பிடிச்சுக்கிடலாம். இன்னொண்ணு கம்பியைத் தானே இடமும் வலமுமா அடுக்கிடுது. அதுக்கு என் கம்மலை வித்தாத்தான் முடியும்.”

“வித்துருங்க. காது லேசாகும்.”

சலேத்மேரி சிரிக்கவில்லை.

“இருக்கிற மெஷினுக்கு என்ன?”

“சனியன் பிடிச்ச மெஷின். கம்பியை முரட்டுத்தனமா இழுத்துக் கெடுக்குது.”

பையிலிருந்து அந்த மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு பிக்கப்பை வைத்தாள்.

“மாதா கோயில் பாட்டுக்குழுவுல கிடார் வாசிக்கிற அந்தோணிராஜோடது. நான்தான் சுத்திக் கொடுத்தேன். மாட்டின மூணாவது ஞாயிறு, பூசை நடுவுல சத்தம் நின்னுபோச்சு.”

“அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

சலேத்மேரி தன் விரல் நகங்களைப் பார்த்தாள்.

“நீங்க திறந்து நோண்டியிருப்பீங்கன்னு சொன்னேன்.”

“எல்லாரும் இருக்கும்போதா?”

“பாதரும் இருந்தார்.”

“அப்புறம்?”

“இப்ப வேற ஆள் கிடார் வாசிக்கிறார். அந்தோணிராஜ் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறாராம்.”

“நீங்க பார்க்கலையா?”

“நான் இப்பல்லாம் காலைல ஆறு மணிப் பூசைக்குப் போயிடுறேன்.”

குரு பிக்கப்பின் டேப்பை உரித்து, அதை மெஷினில் மாட்டினாள்.

“எத்தனை சுத்து போட்டீங்க?”

“ஏழாயிரத்து அறுநூறு.”

மெஷினில் சுற்றுகளை எண்ணும் கருவியை ஏழாயிரத்து அறுநூறில் வைத்து, கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாள். கம்பி கழன்று மேசைமேல் விழுந்தது. எண் இறங்கிக்கொண்டே வந்தது.

ஏழாயிரம். ஆறாயிரம்.

“அந்தோணிராஜுக்கு விரல் ரொம்ப நீளம் போல,” என்றாள் குரு. “இவ்வளவு உள்ளே போய் நோண்டியிருக்காரே.”

சலேத்மேரியின் கண் அந்த எண்ணைவிட்டு நகரவில்லை. கழுத்து வியர்த்தது.

“தண்ணி வேணுமாக்கா?”

“வேண்டாம்.”

ஐயாயிரம்.

குரு கையை நிறுத்தினாள்.

“காலால மிதிக்கிறதை எடுத்துக்கிடுங்க. உங்களுக்கு அது போதும், விலையும் தாங்கும். இதை இத்தோட விட்டுருவோமா?”

சரி என்று சொல்லத்தான் சலேத்மேரி வாயைத் திறந்தாள். மேசைமேல் கிடந்த கம்பிக் குவியலைப் பார்த்தாள்.

“சுத்துங்க டீச்சர்.”

“எதுவரைக்கும்?”

“நாலாயிரத்து இருநூறு.”

“அங்கே என்ன இருக்கு?”

“அங்கேதான் அறுந்துச்சு.” அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது. “மெஷின் அறுக்கலை. வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க, திரும்பிப் பார்த்தேன், அறுந்துச்சு. திரும்ப முதல்லேருந்து சுத்த அலுப்பா இருந்துச்சு. கம்பியோட மேல்பூச்சைக்கூடச் சுரண்டாம ரெண்டு முனையையும் முறுக்கிவிட்டு, அதுமேலயே சுத்தி மறைச்சுட்டேன்.”

குரு மீண்டும் சுற்றினாள். நாலாயிரத்து இருநூறில் கம்பி தானாகவே கையோடு வந்துவிட்டது.

“மெஷின் சரியாத்தான் எண்ணுது,” என்றாள்.

சலேத்மேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நான் இப்ப என்ன செய்யட்டும் டீச்சர்?”

“அந்தோணிராஜ் வீடு எங்கே?”

“கோயிலுக்குப் பின்னால. தண்ணித் தொட்டி தாண்டி ரெண்டாவது தெரு. பச்சைக் கதவு போட்ட வீடு.”

“எனக்கெதுக்கு வழி சொல்றீங்க?” என்றாள் குரு.