காட்டெருமை முதுகில் மூன்று பேர்

ஆனைக்குட்டையில் இருந்த தவளைக்குத் தத்தன் என்று பெயர். அந்தக் காட்டில் அது போடாத குரல் கிடையாது. கொக்கு மாதிரிக் கத்தி மீன்களை ஓட வைக்கும். நரி மாதிரி ஊளையிட்டு முயல்களைக் குப்புற விழ வைக்கும். விழுந்தவை எழுந்து திட்டினால், திட்டியதையும் அதே குரலில் திருப்பிச் சொல்லும்!

அந்தக் கோடையில் குட்டை வற்றியது. தண்ணீர் சேறாயிற்று, சேறு பாளம் பாளமாக வெடித்தது. தத்தனின் கதையே முடிந்து போகும் போலிருந்தது. மலைமேல் வற்றாத சுனை ஒன்று உண்டு. ஆனால் மலைப்பாதை தொடங்குகிற அடிவாரத்துக்குப் போக ஒரு நீளப் பாறைவெளியைத் தாண்ட வேண்டும். தவளை தன் காலால் தத்திப் போனால் பாதிப் பாறையிலேயே வற்றலாகிவிடும்.

பெரியாண்டி என்ற காட்டெருமை தினமும் காலையில் அந்த வழியாகத்தான் மேயப் போகும். கேட்டவர்களை எல்லாம் முதுகில் ஏற்றிக்கொள்ளும். யார் எவர் என்று விசாரிக்காது. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தது. தன் முதுகைத் தன்னால் பார்க்க முடியாதல்லவா? அதனால் ஏறுகிறவர்கள் குரல் கொடுத்து இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

"எங்க இறங்கணும்? முதுகுல இருக்கற வரைக்கும் யாரையும் கடிக்க மாட்டேன்னு சொல்லு!"

"அடிவாரம், பெரியாண்டி அண்ணே! நான் யாரைக் கடிக்க? எனக்குப் பல்லே இல்லையே!" என்றபடி வாலைப் பிடித்து ஏறியது தத்தன்.

ஏறிப் பார்த்தால் பகீரென்றது. முதுகின் நடுவே ஒரு சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது. அதன் வயிறு ஓரிடத்தில் புடைத்திருந்தது. பின்னால் ஒரு முள்ளம்பன்றி முள்ளையெல்லாம் மடித்து வைத்துக்கொண்டு குறட்டை விட்டது.

"வாப்பா தம்பி, நல்லா உட்காரு. நான் நெட்டையன். நானும் அடிவாரம்தான்," என்றது பாம்பு.

நானும் அடிவாரம்தான்! தத்தனுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. முதுகில் இருக்கும் வரைதானே கடிக்காது? இறங்கிய பிறகு? அந்தப் புடைப்புக்குள் யாரோ? மாமா பிள்ளையாகக்கூட இருக்கலாமே!

காட்டெருமை பாறைவெளியில் நடக்கத் தொடங்கியது. வெயில் ஏறியது. தத்தனின் தோல் இழுத்துப் பிடித்தது, புத்தியோ பரபரவென்று ஓடியது. பாதி வழியில் அது காட்டெருமையின் காதருகே போய் மெல்ல வாயைத் திறந்தது. வந்தது நெட்டையனின் குரல்!

"ஸ்ஸ்ஸ்... பசி தாங்கல. இந்தத் தவளையை இப்பவே முழுங்கப் போறேன்!"

பெரியாண்டி சட்டென்று நின்றது. "யாருடா அது? என் முதுகுலயா?"

"ஐயோ, நான் பேசவே இல்லண்ணே!" என்று பதறியது நெட்டையன்.

"அதே குரல்! என்கிட்டயே பொய்யா?" ஒரே உலுக்கு. பாம்பு கொதிக்கிற பாறையில் போய் விழுந்தது. தத்தன் கண்ணை மூடிக்கொண்டது.

அடிவாரம் வந்தது. இறங்கிப் பார்த்தால், பாதை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒன்று மூங்கிலுக்குள் போனது, மற்றொன்று பாறையை ஒட்டி ஏறியது.

"சுனைக்கு எது அண்ணே?"

"நான் அடிவாரத்தோட சரி. மேல ஏறினவன் இல்ல," என்றது பெரியாண்டி.

குலுக்கலிலும் விழிக்காத முள்ளம்பன்றி இப்போதுதான் கொட்டாவி விட்டது. "நெட்டையன் எங்கப்பா? அவன் வருஷா வருஷம் சுனைக்குப் போறவன். வழி காட்டறேன்னு சொன்னானே!"

நடந்ததைக் காட்டெருமை சொன்னது.

"பசியா? அவனுக்கா? நேத்துதான் ஒரு பெருச்சாளியை முழுங்கிட்டு நகர முடியாம கிடந்தான். இன்னும் நாலு நாளைக்கு இரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டானே!"

தத்தன் இரண்டு பாதைகளையும் மாறி மாறிப் பார்த்தது. ஏதாவது ஒரு வழியில் ஓடிவிடலாம். தப்பான வழியானால் திரும்பி வருவதற்குள் உயிர் போய்விடும். சரியான வழியானால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆனால் அந்தப் பாறையில் வயிறு எப்படிச் சுடும் என்று தத்தனுக்குத் தெரியாதா? அதற்குப் பயந்துதானே அதுவே முதுகில் ஏறியது?

"ஸ்ஸ்ஸ்... பசி தாங்கல," என்றது தத்தன், நெட்டையனின் குரலில். பிறகு தலையைக் குனிந்துகொண்டது. "நான்தான் அண்ணே."

பெரியாண்டி முதுகைத் தாழ்த்தியது.

"ஏறு. திரும்பிப் போவோம். நான் கூப்பிட்டா அவன் வரமாட்டான். நீதான் கூப்பிடணும், உன் சொந்தக் குரல்ல."

"என் தோல் காஞ்சு போச்சே அண்ணே!"

"அவனுக்கும் தோல்தான்."

முள்ளம்பன்றி அடிவாரத்திலேயே காத்திருக்க, தத்தன் ஏறியது. அதே பாறைவெளி, இன்னும் கொடிய வெயில். நெட்டையன் விழுந்த இடத்தில் தத்தன் வாயைத் திறந்தது. கொக்கு வந்தது, நரி வந்தது. தன் குரல் மட்டும் சட்டென்று வரவில்லை. எத்தனை நாளாயிற்று, அதைப் பயன்படுத்தி!

"நான் தத்தன்! தப்பு பண்ணினது நான்தான்! வெளிய வாங்கண்ணே!"

கீச்சென்று, பொடிக் குரல். ஒரு பாறை இடுக்கில் ஏதோ அசைந்தது. வயிற்றுச் செதில்கள் கன்றிப்போய் நெட்டையன் மெல்ல வெளியே வந்தது.

"இதுதான் உன் குரலா? இதைக் கேட்டிருந்தா நானே உன்னைப் பத்திரமா கூட்டிட்டுப் போயிருப்பேனே!" என்றது. வேறு எதுவும் சொல்லாமல் முதுகில் ஏறியது.

அடிவாரத்தில் இறங்கியதும் நெட்டையன் மூங்கில் பாதையில் முன்னே ஊர்ந்தது. பின்னால் முள்ளம்பன்றி நடந்தது. நிழலும் ஈரமுமாக இருந்த அந்த வழியில் தத்தனுக்கு உயிர் திரும்பியது. ஆசையாகப் பாம்பின் பக்கத்தில் தத்திப் போனது.

"பத்தடி தள்ளியே வா," என்றது நெட்டையன் திரும்பாமல். "என் வாய்க்குப் பயந்து இல்ல. உன் வாயை நம்ப எனக்குக் கொஞ்ச நாளாகும்."

பயத்தில் முன்பின் தெரியாதவர்மேல் பழி போடுகிறவர், தமக்கு வழிகாட்ட வந்தவரையே வழியில் தள்ளிவிடுகிறார்.