ஆளில்லாத படம்

தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு ஃபிலோமினாவுக்கு முப்பத்து நாலு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும், அவர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் கட்டட வரைபடம் போட்டவர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு அவளிடம் போய் நின்றார்.

"எனக்கு என்ன மேடம் சொல்லித்தரப் போறீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார். காத்திருங்க."

"அவ்வளவுதானா?"

"அதை முதல்ல செஞ்சு காட்டுங்க."

அவரும் செய்தார். எட்டு மாதம், பாரிமுனைக்குப் பின்னால் இருக்கிற பழைய மண்டித் தெருவே கதி என்று கிடந்தார். தெருவின் ஒரு பக்கத்தை இடித்துத் தள்ளி, நீலத் தகரத் தடுப்பு வைத்து, கிரேனை நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு பக்கம் மட்டும் பழைய மாடி வீடுகள் மிச்சமிருந்தன. கடைசியில் ஏழாம் நம்பர் கட்டடம். அதில் பதினாலு குடும்பம். அதன் பக்கச் சுவரில், நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்த ஓவியர்கள், கூடையோடு நிற்கும் ஒரு பூக்காரியை மூன்று மாடி உயரத்துக்கு வரைந்திருந்தார்கள். மேல்மாடியில் குடியிருக்கும் கன்னியம்மாவின் முகம்தான் அது. ஒரு மூக்குத்தியை மட்டும் அவர்களாகச் சேர்த்துவிட்டார்கள்.

தணிகாசலம் எடுத்த படங்களைப் பார்க்க வேண்டுமே! நூல் பிடித்த மாதிரி கோடுகள். ஜன்னல், தூண், கிரேன், சுவர் ஓவியம் எல்லாம் அதது அதன் இடத்தில். ஒரு ஈ காக்கை கிடையாது.

தெருவை வாங்கிய பில்டர் கம்பெனிக்கு அந்தப் படங்கள் பிடித்துப்போயின. மேனேஜர் ரிஷிகேசன் வீடு தேடி வந்தார்.

"நாப்பது படம் கொடுங்க சார். எங்க ஹாலில் கண்காட்சி வைக்கிறோம். வாசலிலேயே உங்க பேரைப் பெரிசா போடறோம்."

கூடவே ஒரு கடிதத்திலும் கையெழுத்துக் கேட்டார். இந்தப் படங்களை எடுத்தது நான்தான், இவற்றில் எந்தத் திருத்தமும் செய்யவில்லை என்று இரண்டு வரி. உண்மைதானே? தணிகாசலம் போட்டுக் கொடுத்தார். அழைப்பிதழ் அடித்து, மகளின் மாமியார் வீடு வரைக்கும் அனுப்பிவைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் பேர் ஒரு வாசலில் வரப்போகிறது.

ஒரு வாரம் கழித்து கன்னியம்மா அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு காகிதம் இருந்தது. ஏழாம் நம்பர் கட்டடத்தில் ஒரு வருஷமாக யாருமே குடியில்லை, அதனால் இடிக்க அனுமதி வேண்டும் என்று கம்பெனி மனு போட்டிருந்தது. அத்தாட்சியாக ஒரு படம். கீழே தேதி, நேரம், தணிகாசலத்தின் பேர், அந்தக் கடிதத்தில் அவர் போட்ட கையெழுத்து.

"நாங்க செத்துட்டமா சார்?" என்று கேட்டாள்.

அவர் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாடகை ரசீது கிடையாது. கரண்டு பில்லு செத்துப்போன ஓனர் பேர்ல வருது. எங்க கையில வேற காகிதமே இல்ல. அந்த ஓவியச் சுவத்தை மட்டும் இடிக்காம, அதுல இருக்கிறவளை அழகா இருக்கான்னு வச்சுக்கப் போறாங்களாம். சுவத்துக்குப் பின்னாடி இருக்கிற நாங்க வெளியே போகணுமாம். திங்கக்கிழமை விசாரணை."

அவள் போனதும் தணிகாசலம் அந்தக் காகிதத்தோடு ஃபிலோமினாவிடம் ஓடினார்.

"மேடம், இதுல என் தப்பு என்ன இருக்கு? படத்துல ஒரு புள்ளியைக்கூட நான் மாத்தல. நீங்க சொன்னபடி மூணு மணி நேரம் காத்திருந்து எடுத்தது."

ஃபிலோமினா படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"காத்திருந்தீங்க, சரி. எதுக்கு?"

"எல்லாரும் போறதுக்கு."

"போறதுக்கா?"

"பின்னே? ஆள் நடமாட்டம் இருந்தா கோடு எப்படித் தெரியும்?"

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் கிளம்பச் சொன்னாள். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்து மண்டித் தெருவுக்குப் போனார்கள்.

ஏழாம் நம்பர் வாசலில் குடம், வாளி, சைக்கிள், மூன்று கொடியில் துணி. கன்னியம்மா படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், அன்னிக்கு எடுத்த மாதிரியே இன்னொரு தடவை எடுங்க" என்றாள் ஃபிலோமினா.

தணிகாசலம் கேமராவைத் தூக்கினார். பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கொஞ்சம் ஒதுங்குங்கம்மா."

கன்னியம்மா மறுபேச்சில்லாமல் எழுந்தாள். பூவைக் கூடையில் போட்டாள். வாளியை உள்ளே இழுத்தாள். மாடியைப் பார்த்து, "அடியே ஷாகிரா, சார் படம் எடுக்கிறாரு, துணியை உருவு!" என்று குரல் கொடுத்தாள். கொடி காலியானது. சைக்கிள் சந்துக்குள் போனது. இரண்டே நிமிஷத்தில் ஏழாம் நம்பரில் ஒருத்தரும் இல்லை.

"இப்போ சரியா இருக்கா சார்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் அவள்.

தணிகாசலம் பொத்தானை அழுத்தவில்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது. இந்த மரியாதையைத்தானே எட்டு மாதமாக வாங்கிக்கொண்டு அவர்களைத் துடைத்துப்போட்டோம் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்த மூணு மணி நேரமும் கேமரா சும்மாவா இருந்துச்சு?" என்று கேட்டாள் ஃபிலோமினா.

"இல்லை. எடுத்துக்கிட்டேதான் இருந்தேன். எல்லாம் கெட்டுப்போன படம்."

"அழிச்சிட்டீங்களா?"

வரைபட ஆபீஸ்காரர் எதையாவது அழிப்பாரா? கிறுக்கின காகிதத்தைக்கூட தேதி போட்டுக் கட்டி வைத்த கை அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் 'கழிவு' என்று பேர் வைத்து ஒரு பெட்டி இருந்தது. அந்த ஒரு காலைக்கு மட்டும் இருநூற்றுப் பதினொரு படம். குடம் தூக்கிப் போகும் இடுப்பு, பாதி முதுகு, பல் தேய்க்கும் வாய், கொடியில் பறக்கும் பாவாடை. எல்லாவற்றிலும் தேதி, நேரம்.

"அந்தக் கழிவையா மேடம் விசாரணையில வைக்கிறது? என் பேரே நாறிப் போயிடுமே."

"நாறட்டும்."

"கண்காட்சி?"

 அவள் ஷேர் ஆட்டோவில் தனியாக ஏறிப் போய்விட்டாள். தணிகாசலத்துக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் பாதி, தன் மேல் பாதி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இருநூற்றுப் பதினொன்றையும் ஒன்று விடாமல் அச்செடுத்தார்.

திங்கட்கிழமை பதினாலு குடும்பமும் விசாரணை ஆபீஸுக்கு வந்தது. இவ்வளவு கூட்டம் உள்ளே ஆகாது என்று பியூன் அவர்களை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார். படம் எடுத்தவர் மட்டும் வரலாமாம்.

"நான் இவருக்குச் சொல்லிக்கொடுத்தவ" என்றாள் ஃபிலோமினா. பியூன் நரைத்த தலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

ரிஷிகேசன் உள்ளே முன்வரிசையில் இருந்தார். தணிகாசலத்தின் கையிலிருந்த கட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "சார், வர்ற வெள்ளிக்கிழமை கண்காட்சி. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் தணிகாசலம் உரக்கவே. "மிச்ச அழைப்பிதழையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் வந்தேன். என் படத்தை உங்க வாசல்ல மாட்டினீங்கன்னா, நானே ஏணி போட்டுக் கழட்டுவேன்."

விசாரணை அதிகாரி தலையை நிமிர்த்தினார். "என்ன சத்தம்? இந்தப் படம் உங்களுடையதுதானா?"

"என்னுடையதுதான் சார். அதுக்காக வெட்கப்படறேன். அதுக்கு முன்னாடி அதே காலையில, அதே இடத்துல நின்னு எடுத்தது இது."

கட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்து, இருபது, முப்பது. புருவம் சுருங்கிக்கொண்டே போனது.

"ஒண்ணுகூட உருப்படியா இல்லையே" என்று ரிஷிகேசன் சிரித்தார்.

"அதானே" என்றார் அதிகாரி எரிச்சலோடு. "விசாரணை கட்டடத்தைப் பத்தி. இங்கே ஒரு முதுகு மறைக்குது. இங்கே ஒரு குடம். இது என்ன, சேலையா? எதிலேயும் முழுசா ஒரு சுவர்கூடத் தெரியலை. கட்டடம் எங்கேய்யா?"

 தணிகாசலம் திரும்பி ஃபிலோமினாவைப் பார்த்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"வெளியே வராந்தாவுல நிக்குது சார். உள்ள கூப்பிடட்டுமா?"